கொழுந்து மலையில் எடுத்த திகில் படம்

வணக்கம் நேயர்களே.

தீபாவளி விடுமுறையில் தொலைக்காட்சிக்கென்றே தயாரித்த காதல் திகில் படம் ஒன்று ஒளிபரப்பானது. நம் மலையகத்தில், நம் தேயிலைத் தோட்டங்களில் எடுத்த படம் என்று பல நாட்களாக விளம்பரம் செய்திருந்தார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதைப் பற்றிப் பேசும்படி இந்த வானொலி நிலையத்தார் கேட்டார்கள். படத்தின் பெயரையோ ஒளிபரப்பியவர்களின் பெயரையோ இங்கே சொல்லப்போவதில்லை. நடித்த இளையவர்கள் தங்கள் வேலையைக் குறைவில்லாமல் செய்திருக்கிறார்கள். குறை கதையில் இருக்கிறது. அந்தக் குறை ஒரு படத்தோடு நிற்காமல் இந்த வகைப் படங்கள் பலவற்றிலும் தொடர்வதால்தான் விரிவாகப் பேச விரும்புகிறேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மணமுறிவு பெற்ற ஓர் இளம்பெண் கொழும்பை விட்டு ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு ஆசிரியையாக வருகிறாள். ஆளில்லாத பழைய பங்களாவில் தனியாகத் தங்குகிறாள். தோட்டத்துச் சின்னத்துரை, அதாவது உதவி நிர்வாகி, அவளை விரும்புகிறார். முன்னாள் கணவனும் அவளைத் தேடி மலையேறி வந்துவிடுகிறான். இரவில் யாரோ பங்களாவைச் சுற்றி வருகிறார்கள். ஜன்னலில் ஒரு நிழல் தெரிகிறது. கணவன்தான் என்று நம்மை நம்பவைத்துவிட்டு, கடைசிப் பத்து நிமிடத்தில் அவனும் கொல்லப்படுகிறான். கொலைகாரர் பங்களாக் காவற்காரர்! அதுவரை தேநீர்த் தட்டு ஏந்தி இரண்டு காட்சிகளில் மட்டும் வந்துபோன வயதான மனிதர்.

தொலைக்காட்சிப் படம்தானே, பணமும் நாட்களும் குறைவு, இதற்குமேல் என்ன எதிர்பார்க்க முடியும் என்று சிலர் சொல்கிறார்கள். இந்தச் சமாதானத்தை நான் ஏற்கவில்லை. 1971 நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்றில் ‘டூயல்’ என்ற படம் ஒளிபரப்பானது. அதை இயக்கிய ஸ்டீவன் ஸ்பில்பேர்க்குக்கு அப்போது வயது 24. படப்பிடிப்பு ஏறக்குறைய இரண்டு வாரங்களில் முடிந்தது. ஒரு கார், அதைத் துரத்தும் ஒரு பெரிய லொறி, வெறும் சாலை. லொறிச் சாரதியின் முகத்தைக்கூட அந்தப் படம் காட்டவில்லை. தொலைக்காட்சிக்காக எடுத்த அதைப் பிறகு நீட்டி, ஐரோப்பியத் திரையரங்குகளில் காட்டினார்கள். குறைந்த பணத்தில் பயத்தை உண்டாக்க முடியாது என்று சொல்பவர்கள் அதை ஒருமுறை பார்க்கவேண்டும். அந்தக் கதையை எழுதியவருக்குச் சாலையும் தெரிந்திருந்தது, தனியாக வண்டி ஓட்டுகிறவனின் மனமும் தெரிந்திருந்தது. நம் மலையில் எடுத்த படத்துக்கு இங்கே ஒருவர் எப்படி நடக்கிறார், எப்படித் தூங்குகிறார், யாருக்குப் பயப்படுகிறார் என்பது எதுவும் தெரியவில்லை. திகிலும் காதலும் இரண்டுமே பொய்த்துப் போனதற்குக் காரணம் அதுதான்.

முதலில் திகிலைப் பார்ப்போம்.

1962இல் பிரெஞ்சு இயக்குநர் த்ருஃபோவோடு நடத்திய நீண்ட உரையாடலில் திகில் பட இயக்குநர் அல்பிரட் ஹிச்கொக் ஓர் உதாரணம் சொன்னார். மேசைக்கடியில் குண்டு இருக்கிறது. அது யாருக்கும் தெரியாமல் திடீரென்று வெடித்தால் பார்ப்பவருக்குப் பதினைந்து வினாடி அதிர்ச்சி கிடைக்கும். குண்டு இருப்பதும் அது வெடிக்கும் நேரமும் பார்ப்பவருக்குத் தெரிந்து, மேசையில் பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு மட்டும் தெரியாவிட்டால், பதினைந்து நிமிடம் அவர் பதைத்துக்கொண்டிருப்பார். பார்ப்பவருக்குச் செய்தியைக் கொடுத்தால்தான் பயம் வளரும் என்பது அவர் கண்ட உண்மை. இந்தப் படமோ எல்லாவற்றையும் நம்மிடமிருந்து ஒளிக்கிறது. காவற்காரரின் வீட்டைக் காட்டவில்லை, அவருடைய மனைவி மக்களைப் பற்றி ஒரு சொல் இல்லை, அவருக்கு அந்தப் பெண்மீது என்ன கோபம் என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை. கடைசியில் ‘இவர்தான்’ என்று கைகாட்டுகிறார்கள். நாம் ஊகித்துத் தோற்றிருந்தால் அது நியாயமான தோல்வி. ஊகிக்க எதையுமே தராமல் தோற்கடிப்பது ஏமாற்று.

விளம்பர இடைவேளைகளும் இந்த ஏமாற்றில் பங்கெடுக்கின்றன. பார்ப்பவர் அலைவரிசையை மாற்றாமல் இருக்க, ஒவ்வோர் இடைவேளைக்கு முன்னும் ஒரு பரபரப்பை வைப்பது தொலைக்காட்சிப் படங்களின் பழைய வழக்கம். அதில் தவறில்லை, அந்தப் பரபரப்பு கதையை ஓரடி முன்னே நகர்த்தினால். இங்கே கதவு தடதடக்கிறது, அவள் அலறுகிறாள், விளம்பரம் வருகிறது. திரும்பி வந்தால் காற்று. அடுத்த முறை பூனை. அதற்கடுத்த முறை பாடசாலைப் பிள்ளை ஒன்று கொய்யாப்பழத்தோடு நிற்கிறது. மூன்றாவது பொய்க்குப் பிறகு உண்மையான ஆபத்து வந்தபோது எங்கள் வீட்டில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அந்தக் காவற்காரரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் என்னை அதிகம் புண்படுத்தியது அதுதான். அவர் லயத்து மனிதர், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளைச் சேர்ந்தவர். வெற்றிலைக் கறை படிந்த பல், கிழிந்த கம்பளி, நேராகப் பார்க்காத கண். படம் அவரைப் பற்றிச் சொல்வது இவ்வளவுதான். அவர் ஏன் கொன்றார் என்ற கேள்விக்குப் ‘பைத்தியம்’ என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிறார்கள். ஏழை மனிதரின் முகத்தைக் கீழிருந்து விளக்கொளியில் காட்டினால் அதுவே பயங்கரம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். இந்த மலையில் பங்களாக்களைக் காத்தவர்களும் அங்கே சமைத்தவர்களும் தலைமுறை தலைமுறையாக நம் வீட்டுப் பெரியவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அன்றிரவு தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார்கள். ஒரு கொலைகாரர் காவற்காரராக இருக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்படி எழுதுவதென்றால் அவரை மனிதராக எழுதுங்கள். அவருக்கு ஒரு பெயர் கொடுங்கள், ஒரு காரணம் கொடுங்கள். அப்போதுதான் அவரைக் கண்டு பயப்படவும் முடியும்.

இடத்தைப் பற்றிய பிழைகளைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடலாமா? துரத்தல் காட்சி ஒன்று இருக்கிறது. நடு இரவில் சேலை கட்டிய அந்தப் பெண் தேயிலைச் செடிகளுக்குள் புகுந்து சரிவில் ஓடுகிறாள், வயல்வெளியில் ஓடுவதுபோல. கொழுந்தெடுத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். தேயிலை இடுப்பளவு உயரத்தில் மட்டம் செய்யப்பட்டு, செடியோடு செடி பின்னிக் கிடக்கும். கிளை நறுக்கும் கவ்வாத்தில் வெட்டிய வாதுகள் தோலைக் கிழித்துவிடும். அதனால்தான் பெண்கள் இடுப்பில் படங்கு என்ற தடித்த விரிப்பைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்குகிறார்கள். காலடியில் மழைநீர் ஓடும் கான் வெட்டியிருக்கும், மழைக் காலமென்றால் அட்டை வேறு. பழகாத கால் இருட்டில் பத்தடி வைப்பதற்குள் கானுக்குள் விழும். நான் இந்தக் குறையைச் சொல்வது படக்குழுவைத் திருத்துவதற்காக மட்டுமில்லை. உண்மையான தேயிலை மலை, அவர்கள் காட்டிய மலையைவிடப் பயங்கரமானது! துரத்துகிறவனுக்குக் குறுக்குப் பாதை தெரியும், அவளுக்குத் தெரியாது. அவன் குறுக்கில் இறங்கிக் கீழ்ச் சாலையில் காத்து நிற்கிறான், அவளோ வளைந்து வளைந்து வரும் வண்டிப் பாதையில் தப்பிவிட்டோம் என்று நம்பி அவனை நோக்கியே நடக்கிறாள். கையருகே கிடந்த இந்தக் காட்சியை விட்டுவிட்டு அவளைச் செடிமேல் ஓடவிட்டிருக்கிறார்கள்.

ரயில் காட்சியும் அப்படித்தான். கொழும்புக்குத் தப்பிப் போக ஹட்டனில் ரயிலேறுகிறாள். அடுத்த காட்சியில் ரயில் ஒன்பது வளைவுப் பாலத்தில் போகிறது. ஹட்டனில் ஏறினால் வட்டவளை, நாவலப்பிட்டி என்று இறங்கித்தான் கொழும்புக்குப் போகவேண்டும். பாலம் இருப்பதோ எதிர்த்திசையில், நானுஓயா, பட்டிப்பொல, அப்புத்தளை, பண்டாரவளை எல்லாம் கடந்து, எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில். அழகான பாலம், யாருக்கும் அதைக் காட்ட ஆசை வரும். ஆனால் துரத்தல் கதையில் திசைதான் உயிர். யார் எங்கே இருக்கிறார், எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று தெரியாவிட்டால் யாருக்காகப் பதைப்பது? என் பக்கத்தில் இருந்த பையன், “அக்கா பதுளைக்கா போறாங்க?” என்று கேட்டான். அவனுக்குப் பயம் அந்த இடத்திலேயே விட்டுப்போயிற்று.

மூடுபனியை இயந்திரப் புகையால் செய்திருக்கிறார்கள், அது கணுக்காலோடு தவழ்கிறது. நம்முடைய பனி மேலிருந்து சரிந்து வந்து ஆளையே மூடும், எதிரில் பேசுகிறவரின் குரல் கேட்கும், உருவம் தெரியாது. அப்புறம் நாய்கள். அந்நியர் ஒருவர் இரவிரவாகப் பங்களாவைச் சுற்றுகிறார், கீழே நூறு குடும்பம் வாழும் லயம் இருக்கிறது, ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

இனிக் காதல். இங்கேதான் படம் குறைபட்டதாக மட்டுமல்ல, தீங்கானதாகவும் ஆகிறது.

சின்னத்துரை என்ன செய்கிறார் என்று பாருங்கள். பாடசாலை விடும் நேரத்தில் வாசலில் மோட்டார் சைக்கிளோடு நிற்கிறார். அவள் நடந்து போகும்போது பின்னாலேயே மெதுவாக வருகிறார். அவளுக்குத் தெரியாமல் கைபேசியில் படம் எடுக்கிறார். வேண்டாம் என்று அவள் சொன்ன பிறகும் பங்களா வாசலில் பூ வைத்துவிட்டுப் போகிறார். பின்னணியில் புல்லாங்குழல் ஒலிக்கிறது. முன்னாள் கணவன் என்ன செய்கிறான்? பாடசாலை வாசலில் நிற்கிறான், பின்னால் வருகிறான், ஒளிந்திருந்து பார்க்கிறான். பின்னணியில் முரசு அதிர்கிறது. இருவரும் செய்வது ஒரே செயல். இசையை நிறுத்திவிட்டுப் பார்த்தால் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தறிய முடியாது. வானொலிக்காரர்கள் இதை எளிதாகப் புரிந்துகொள்வார்கள், இசை எதையெல்லாம் மறைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஒருவரின் செயலைக் காதல் என்றும் இன்னொருவரின் செயலைக் கொடுமை என்றும் படம் சொல்வதற்கு ஒரே ஆதாரம், ஒருவர் அழகான கதாநாயகன் என்பதுதான்.

நம் பிள்ளைகள் லயத்திலிருந்து பாடசாலைக்கும், வேலைக்கும், டியூஷனுக்கும் ஆளரவமற்ற தேயிலைப் பாதையில் நடந்து போகிறார்கள். பின்னால் வருகிறவனின் காலடிச் சத்தம் அவர்களுக்குப் புல்லாங்குழலாகக் கேட்பதில்லை. விடாமல் துரத்தினால் அவள் ஒருநாள் சிரிப்பாள் என்று ஒரு பையன் இந்தப் படத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டால், அதன் விலையைக் கொடுக்கப்போவது அந்தப் பெண்பிள்ளை.

இன்னொன்று. முன்னாள் கணவனுக்குப் பயந்து ஓடிவந்த ஒரு பெண், படம் முழுவதும், ஒருமுறைகூடப் பொலிஸுக்குப் போகவில்லை. போகும்படி எந்தப் பாத்திரமும் சொல்லவில்லை. இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. முன்னாள் கணவனிடமிருந்தும் பாதுகாப்புக் கோரி அதன்கீழ் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். பாதிக்கப்பட்டவர் சார்பில் பொலிஸ் அதிகாரியும் விண்ணப்பிக்கலாம். இடைக்காலக் கட்டளை 14 நாட்கள் வரையும், பாதுகாப்புக் கட்டளை 12 மாதங்கள் வரையும் இருக்கலாம். பெண்களுக்கான உதவித் தொலைபேசி எண் 1938. இதையெல்லாம் சொன்னால் திகில் போய்விடும் என்று கதாசிரியர் நினைத்திருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கையில் கட்டளை இருக்கிறது, அந்தப் பதினான்கு நாட்கள் முடியப்போகின்றன, கடைசி பஸ் போய்விட்டது, கணவன் ஹட்டனில் இறங்கிவிட்டான் என்று பார்ப்பவருக்குத் தெரியும். ஹிச்கொக் சொன்ன குண்டு இதுவல்லாமல் வேறென்ன?

ஹட்டனிலும் பதுளையிலும் நுவரெலியாவிலும் கைபேசியிலேயே குறும்படம் எடுக்கும் இளையவர்கள் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். லயத்து அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. பக்கத்து அறையில் ஒருவர் இருமினால் இந்த அறையில் கேட்கும். புதிதாக ஒருவர் தோட்டத்துக்குள் கால் வைத்தால் மாலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இப்படிப்பட்ட இடத்தில் இரண்டு பேர் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். எங்கே பேசுவார்கள்? எந்தக் குறுக்கில் சந்திப்பார்கள்? யார் முதலில் கண்டுபிடிப்பார்? கண்டுபிடித்தவர் வாயை மூடிக்கொள்ள என்ன கேட்பார்? அண்ணனுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும்? கொலைகாரரே தேவையில்லை. காதலும் பயமும் ஒரே சுவருக்குள் இருக்கின்றன. இந்தக் கதைக்குப் பங்களா வேண்டாம், புகை இயந்திரம் வேண்டாம், பாலமும் வேண்டாம்.

எழுதி முடித்ததும் படம் எடுக்கும் முன்பு உங்கள் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் பெண்கள் நான்கு பேரை உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள். “இந்தப் பிள்ளை இப்படிச் செய்யமாட்டாள்” என்று அவர்கள் சொல்லும் இடங்களைத் திரும்ப எழுதுங்கள். எடுத்த படத்தை இந்த நிலையத்துக்கு அறிவித்தால், அதைப் பற்றிப் பேச நான் மறுபடியும் வருகிறேன்.

நன்றி, வணக்கம்.