ஒரு சொல்லுக்காக ஒரு விமானப் பயணம்

நேயர்களுக்கு வணக்கம். ஒலிப்பதிவு அறைக்குள் நுழையும்போதே, "சார், பேச்சுல எந்த கம்பெனி பேரும் வந்துடக் கூடாது" என்று சொல்லித்தான் உள்ளே விட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்று நான் பேச வந்திருப்பவரும் இதே விதியில் மாட்டிக்கொண்டவர்தான்.

1970இல் லண்டனின் 'கிங்க்ஸ்' ராக் இசைக்குழு 'லோலா' என்றொரு பாட்டைப் பதிவு செய்தது. அதில் ஒரு குளிர்பானத்தின் பெயர் வருகிறது. எது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். விளம்பரம் கூடாது என்பது பிபிசியின் விதி. பாட்டை எழுதிப் பாடிய ரே டேவிஸ் அப்போது அமெரிக்காவில் கச்சேரிகள் செய்துகொண்டிருந்தார். நடுவில் விமானம் பிடித்து லண்டனுக்கு வந்தார், அந்தப் பெயரைச் 'செர்ரி கோலா' என்று மாற்றிப் பாடினார், திரும்பிப் போனார். பாட்டு பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 2ஆம் இடம் வரை ஏறியது.

ரே பிறந்தது 1944 ஜூன் 21 அன்று, வடக்கு லண்டனில். ஆறு அக்காக்களுக்குப் பிறகு பிறந்த பையன். அவருக்கு அடுத்து தம்பி டேவ். ரேயின் 13ஆவது பிறந்தநாளுக்கு ரெனே என்ற அக்கா ஒரு கிட்டார் வாங்கிக் கொடுத்தார். அவருக்கு இதயம் பலவீனம். ஆனால் நடனம் என்றால் உயிர். அன்று இரவே நடன அரங்கில் ஆடிக்கொண்டிருந்தபோது இறந்துபோனார். கிட்டார் கைக்கு வந்த நாளும் அக்கா போன நாளும் ஒன்றே.

1964இல் கிங்க்ஸின் முதல் இரண்டு இசைத்தட்டுகளும் போன இடம் தெரியவில்லை. மூன்றாவது, 'யூ ரியலி காட் மீ'. குழுவில் கிட்டார் வாசித்த தம்பி டேவுக்கு அப்போது வயது 17. தன்னிடமிருந்த சின்ன ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கீறிவிட்டார். ஒலி கரகரவென்று கிழிந்து வந்தது. நம் வீட்டு ரேடியோ அப்படிக் கேட்டால் ரிப்பேருக்குக் கொண்டு போவோம். அந்தப் பாட்டோ முதலிடத்துக்குப் போனது.

அடுத்த ஆண்டே ஒரு அடி. அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் இவர்களுக்கு அனுமதி மறுத்தது. 1969 வரை அங்கே கச்சேரி செய்ய முடியவில்லை. காரணம் இதுதான் என்று யாரும் தெளிவாகச் சொன்னதில்லை. ஆனால் மேடையிலேயே அடித்துக்கொண்ட குழு அது, அண்ணன் தம்பி சண்டையும் ஊரறிந்தது. ஆகவே எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை.

என்னைக் கேட்டால், ரே என்ற பாடலாசிரியர் முழுதாக உருவானது அந்தத் தடைக்காலத்தில்தான். அமெரிக்கா இல்லையென்று ஆனதும், பார்ப்பதற்குத் தன் தெருவும் தன் ஊரும்தான் மிச்சம். 1967இல் 'வாட்டர்லூ சன்செட்' வந்தது. முதலில் அதை லிவர்பூலை வைத்து யோசித்தவர், பிறகு தனக்குத் தெரிந்த லண்டனுக்கே மாற்றிக்கொண்டார். சிறுவயதில் தேம்ஸ் கரையிலுள்ள மருத்துவமனையில் படுத்திருந்தபோது ஆற்றைப் பார்த்த நினைவு அதில் இருக்கிறது. பாட்டில் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. ஒருவர் ஜன்னல் வழியே பார்க்கிறார், இரண்டு பேர் ரயில் நிலையத்தில் சந்திக்கிறார்கள், அந்தி சாய்கிறது. அவ்வளவுதான்.

1968இல் கிராமத்துப் பசும்புல் திடலையும் பழைய இங்கிலாந்தையும் பற்றி ஒரு முழு ஆல்பமே போட்டார். பீட்டில்ஸின் 'வெள்ளை ஆல்பம்' வெளியான அதே நவம்பர் 22 அன்று பிரிட்டனில் வெளியானது. விற்பனைப் பட்டியலில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இன்றைக்கு கிங்க்ஸ் ரசிகர்கள் முதலில் எடுத்துக் காட்டுவது அதைத்தான்.

குழு 1996இல் கலைந்தது. 2017இல் ரேக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு நமக்குப் பக்கத்தில் நடந்த ஒன்றுக்கு வருகிறேன். 1965 ஜனவரியில், ஆஸ்திரேலியா போகும் வழியில் கிங்க்ஸ் பம்பாயில் தங்கினார்கள். அதிகாலையில் வேலைக்குப் போன மீனவர்கள் சேர்ந்து பாடிய குரல் ரேயின் காதில் விழுந்தது. அதிலிருந்து பிறந்தது 'சீ மை ஃப்ரெண்ட்ஸ்', ஜூலையில் வெளியானது. ராக் இசைக்குள் இந்திய ஓசை என்றால் எல்லோரும் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் வாசித்த சிதாரைத்தான் சொல்வார்கள். அது இசைத்தட்டில் வந்தது அந்த டிசம்பரில்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சரி, அந்தப் பாட்டையே போடச் சொல்லியிருக்கிறேன். சிதார் கிடையாது, தம்பூரா கிடையாது. கிட்டார் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு இழுப்பதை மட்டும் கவனியுங்கள்.