பிள்ளை பிடிக்கிற கதையை எழுதியது யார்?

நடுவர் அவர்களே, அல்சூர்ச் சொந்தங்களே, வணக்கம்.

'திருநங்கையர் ஆபத்தானவர்கள் என்ற பொய்யைப் பெரிதும் வளர்ப்பது மக்களின் அறியாமையா, அரசியல் பேச்சா?' இதுதான் தலைப்பு. அரசியல் பேச்சுதான் என்பது எங்கள் அணி. எதிரணித் தலைவர் அண்ணன் இப்போது ஒரு சம்பவம் சொன்னார். 2018 மே மாதம், ஹைதராபாத். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, ஒரு கூட்டம் திருநங்கை ஒருவரை அடித்தே கொன்றது. "இதில் எந்த அரசியல்வாதி இருந்தார்? வெறும் அறியாமை" என்றார். கைதட்டலும் வாங்கினார். நானும்தான் தட்டினேன்.

ஆனால் அண்ணே, திருநங்கை என்றதும் பிள்ளை பிடிக்கிறவர் என்ற நினைப்பு அந்தக் கூட்டத்துக்கு எங்கிருந்து வந்தது? வாட்ஸ்அப் பிறந்தது 2009இல். இந்தப் பழி அதற்குக் கொள்ளுப்பாட்டி. 1871இல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான். கைரேகைச் சட்டம் என்று நம் ஊரில் சொல்வோமே, அதற்கு மூலம் அதுதான். அதன் இரண்டாம் பகுதி முழுக்கத் திருநங்கையரைப் பற்றியது. குழந்தைகளைக் கடத்துவதாகவோ ஆண்மை நீக்குவதாகவோ சந்தேகம் இருந்தால் பெயரையும் முகவரியையும் பதிவேட்டில் ஏற்று என்றது. பதிவேட்டில் ஏறியவர் பெண்ணுடை உடுத்திப் பொது இடத்தில் நின்றால் வாரண்ட் இல்லாமலே கைது. ஊரில் அதற்கு முன்னால் புரளியே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருந்திருக்கும். புரளியைப் பிரிவு எண் போட்டு அச்சடித்தது யார் என்றுதான் கேட்கிறேன்.

சரி, அது வெள்ளைக்காரன் காலம் என்பீர்கள். 2011 யார் காலம்? அந்த ஆண்டு இதே பெங்களூரு விதான சவுதாவில், அதாவது நம் சட்டமன்றத்தில், கர்நாடக போலீஸ் சட்டத்தைத் திருத்தி 36ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். சிறுவர்களைக் கடத்துவதாகச் சந்தேகிக்கப்படும் திருநங்கையரின் பெயர், இருப்பிடம் எல்லாவற்றுக்கும் பதிவேடு வைக்கக் கமிஷனருக்கு அதிகாரம். 1871இன் வாசகம் கிட்டத்தட்ட அப்படியே! பரீட்சையில் காப்பி அடிக்கிற பையன்கூட நாலு வார்த்தை மாற்றுவான். வழக்கு உயர் நீதிமன்றம் போன பிறகுதான் அந்தப் பிரிவிலிருந்து அவர்களைக் குறித்த சொல்லை எடுத்தார்கள்.

முன்வரிசையில் ஒரு அம்மா தலையாட்டுகிறார். சிக்னலில் அதட்டிக் காசு கேட்கிறார்களே என்பது உங்கள் சந்தேகம். அதட்டியவர் மேல் புகார் கொடுங்கள், தாராளமாக. ஆட்டோக்காரர் ஒருவர் மீட்டருக்கு மேல் கேட்டார் என்று ஆட்டோ ஓட்டுகிற எல்லோருக்கும் ஸ்டேஷனில் பதிவேடா திறக்கிறோம்?

அமெரிக்காவிலும் இதே சமையல்தான். 2022 மே மாதம் டெக்சாஸின் உவால்டி பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவன் ஒரு திருநர், அதாவது திருநங்கை, திருநம்பி போன்றவரில் ஒருவர், என்று அன்றைக்கே பதிவு போட்டார் பால் கோசார். அவர் யாரோ திண்ணைப் பேச்சுக்காரர் இல்லை, நாடாளுமன்ற உறுப்பினர்! சம்பந்தமே இல்லாத ஒரு திருநங்கையின் படம் ஊரெல்லாம் சுற்றியது. பதிவை அப்புறம் நீக்கினார்கள், சுற்றியது சுற்றியதுதான். கணக்கு என்ன சொல்கிறது? அங்கே 2013 முதல் ஐயாயிரத்துக்கும் மேல் கூட்டத் துப்பாக்கிச்சூடுகள். சுட்டவர் திருநர் என உறுதியானவை பத்துக்கும் குறைவு. பல சம்பவங்களில் சுட்டது யாரென்றே தெரியவில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெரியாததைத் திருநர் கணக்கில் எழுத எந்தக் கணக்குப்பிள்ளைக்கு உரிமை? அடி வாங்குகிறவர் யார் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2017-18 அரசுத் தரவை வைத்து வில்லியம்ஸ் நிறுவனம் என்ற பல்கலைக்கழக ஆய்வு மையம் பார்த்தபோது, அமெரிக்காவில் வன்முறைக்கு ஆளாவது திருநரில் ஆயிரத்துக்கு 86, மற்றவரில் 22.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே, ஒரு நிமிடம். 2018இல் நம் நாடாளுமன்றம் பெண்ணை வல்லுறவு செய்தால் குறைந்தது 10 ஆண்டு என்று தண்டனையைக் கூட்டியது. அடுத்த ஆண்டே அதே நாடாளுமன்றம் திருநர் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. அதன் 18ஆம் பிரிவில், திருநர் மீது பாலியல் கொடுமை செய்தவனுக்கு அதிகபட்சமே 2 ஆண்டு என்று வைத்தது. இதையும் வாட்ஸ்அப் பார்த்து ஏமாந்த அப்பாவிகள்தான் எழுதினார்களா என்று அண்ணன் பதிலுரையில் சொல்லட்டும். உட்கார்ந்து கேட்கிறேன்.