சந்தேகங்களுக்கு விளக்கம்: கடைசி வருஷத்தில் கையில் காசில்லை என்றால்?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று இரண்டு நாளாக மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வாசிக்கிறேன்.

"அண்ணா, தம்பி கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம். அப்பா கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து காலில் பிளேட் வைத்திருக்கிறார்கள். காலேஜில் 9,000 ரூபாய் பாக்கி, பரீட்சைக் கட்டணம் தனி. ஒரு வருஷம் நிறுத்திவிட்டுத் திருப்பூர் போய்ச் சம்பாதித்து, அப்புறம் முடிக்கிறேன் என்கிறான். இந்த மாதிரி நேரத்துக்கு அவசர உதவி ஏதாவது இருக்கிறதா?"

முதலில், நிறுத்த வேண்டாம். அதை இன்றைக்கே தம்பியிடம் சொல்லிவிடும்மா. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

நம்ம பேச்சைத் தொடர்ந்து கேட்பவர்களுக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியும். படிப்பு பெரிய தொகையில் முறிவதில்லை, சின்னத் தொகையில்தான் முறிகிறது. பெரிய தொகைக்கு இன்று வழி உண்டு. முதல் பட்டதாரி சலுகை 2010-லிருந்து இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய். வங்கிக் கல்விக் கடன் நான்கு லட்சம் வரை சொத்து ஈடு இல்லாமல் வாங்கலாம். இதில் எதையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இவையெல்லாம் நாள் பார்த்து வருகிற பணம். அப்பா சாரத்திலிருந்து விழுவது நாள் பார்த்தா நடக்கிறது?

2024-ல் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? உத்தரப் பிரதேசத்தில் ஒரு தினக்கூலியின் மகனுக்கு தன்பாத் ஐஐடியில் இடம் கிடைத்தது. சீட்டை உறுதி செய்ய 17,500 ரூபாய். வீட்டில் புரட்டி முடிப்பதற்குள் கெடு தாண்டிவிட்டது, சீட் போயிற்று. அந்தப் பையன் நம்ம சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் வந்து பார்த்தான். கடைசியில் செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, இடத்தைத் திரும்பக் கொடுக்கச் சொன்னது. 17,500 ரூபாய்க்கு உச்ச நீதிமன்றம்! நம்ம உசிலம்பட்டித் தம்பி 9,000 ரூபாய்க்கு எங்கே போவான்?

நான் பாடம் நடத்திக்கொண்டிருந்த காலத்தில் ஒரு பையன் இருந்தான். அப்பா மாட்டுத்தாவணியில் மூட்டை தூக்குகிறவர், முதுகு பிடித்துப் படுத்துவிட்டார். பாக்கி 6,500. பையன் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆவணி முகூர்த்தம் பூராவும் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறப் போனான். ராத்திரி இலை எடுத்து, பாத்திரம் ஏற்றி, விடிகாலையில் வந்து படுப்பான். முதல் இரண்டு பீரியட் போய்விடும். பணம் சேர்ந்துவிட்டது. ரூபாய் நோட்டுகளை ரப்பர் பேண்ட் போட்டு என் மேசையில் வைத்தான், சாம்பார் வாசனையோடு. அதற்குள் வருகைப்பதிவு விழுந்துவிட்டது. 75 சதவீதம் வேண்டும், அவனுக்கு 60 கூட இல்லை. கட்டணம் கட்டியாயிற்று, பரீட்சை எழுத முடியாது. செமஸ்டரையே ரீடூ, அதாவது மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று.

அதற்கப்புறம் எங்கள் துறையில் பத்துப் பேர் சேர்ந்து ஆளுக்கு மாதம் 500 போட ஆரம்பித்தோம். பீரோவில் ஒரு கவர், பக்கத்தில் ஒரு பழைய டைரி. டைரியில் பெயர் எழுத மாட்டோம், தேதியும் தொகையும் மட்டும். விண்ணப்பம் கிடையாது, வருமானச் சான்றிதழ் கிடையாது. கேட்ட அன்றைக்கே கொடுப்போம். திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வோம், நாங்களாகக் கேட்க மாட்டோம். பெரும்பாலும் வந்துவிடும்.

இதையே பெரிய அளவில் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2011-லிருந்து செய்கிறது. சின்னப் பாக்கிக்காகப் பெயர் நீக்கப்படவிருக்கும் மாணவரைப் பல்கலைக்கழகமே கணக்கைப் பார்த்துக் கண்டுபிடித்துப் பணத்தைப் போட்டுவிடும். உச்சவரம்பு 2,500 டாலர். மாணவர் விண்ணப்பிக்கவே வேண்டாம், கவனியுங்கள். வாங்கியவர்களில் முடிக்கும் தறுவாயில் இருந்தவர்கள் பாதிக்கு மேல் அடுத்த இரண்டு செமஸ்டருக்குள் பட்டம் வாங்கிவிட்டார்கள்.

சரி, தங்கச்சிக்கு வருகிறேன். பரீட்சைக் கட்டணத்தை முதலில் கட்டிவிடு. அதற்குத்தான் கடைசித் தேதி கறாராக இருக்கும். 9,000 பாக்கிக்குத் தவணை கேட்டு முதல்வருக்கு ஒரு கடிதம், அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரி நகலோடு. வாயால் கேட்டால் கவுன்டரில் மறந்துவிடுவார்கள், நகலில் கையெழுத்து வாங்கிக்கொள். முன்னாள் மாணவர் சங்கம் இருந்தால் அவர்களுக்கும் ஒரு நகல். கல்விக் கடனைக் கடைசி வருஷத்திலும் கேட்கலாம், ஆனால் இந்தப் பரீட்சைக்குள் கைக்கு வரும் என்று நம்பி உட்கார வேண்டாம். மீட்டர் வட்டிப் பக்கம் மட்டும் தலை வைத்துப் படுக்காதே.

ஆனால் நீ கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறும்மா. தம்பி திருப்பூர் பஸ்ஸைப் பற்றி உன்னிடம் சொல்கிறான், துறைத் தலைவரிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? நான் ஊகித்துச் சொல்கிறேன்: வகுப்பில் பாக்கிப் பட்டியலை எல்லார் முன்னாலும் வாசித்திருப்பார்கள். எங்கள் பந்திப் பையனும் அப்படித்தான் வாயை மூடிக்கொண்டான். அன்றைக்குப் பட்டியல் வாசித்தது நான்தான். அவன் பெயரை இரண்டு முறை வாசித்தேன், முதல் முறை அவன் எழுந்திருக்கவில்லை என்று.

தம்பி நாளைக்குப் போகும்போது நீயும் கூடப் போ. அவன் பேசாவிட்டால் நீ பேசு.

அடுத்த கேள்வி மேலூரிலிருந்து: ஜாவாவா, பைத்தானா? இதைப் பத்து முறையாவது சொல்லியிருப்பேன். சரி, இன்னொரு முறை சொல்கிறேன்.