வெயில் வேலையும் கிளாஸ் டீயும்

எல்லோருக்கும் வணக்கம். சித்திரை வெயிலில் சென்ட்ரிங், கொத்து வேலை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

“டீ குடிக்காதே, உடம்பில் இருக்கிற தண்ணியை எல்லாம் இழுத்துடும்” என்று பலரும் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. டீ, காபியில் உள்ள காஃபீன், சிறுநீரகத்தில் அடினோசின் என்ற பொருளின் வேலையைத் தடுக்கிறது. அதனால் உடம்பின் உப்பு கொஞ்சம் கூடுதலாக வெளியே போகும், கூடவே தண்ணீரும் போகும். ஆனால் அது கண்ணுக்குத் தெரிகிற அளவில் நடக்க, ஒரே வேளையில் 250, 300 மில்லிகிராம் காஃபீனாவது உள்ளே போக வேண்டும். 150 மில்லி டீயில் 30 முதல் 65 மில்லிகிராம்தான் இருக்கிறது. நம் கடை கிளாஸ் அதைவிடச் சின்னது. நாலைந்து கிளாஸை வரிசையாகக் குடித்தால்கூட அந்த அளவு வருவது சந்தேகம்தான். தினமும் குடிக்கிறவர்களுக்கு உடம்பு பழகியும் விடுகிறது.

2014இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில், தினமும் காபி குடிக்கும் 50 ஆண்களை வைத்துச் சோதித்தார்கள். மூன்று நாள் தினம் நான்கு கப் காபி, இன்னொரு மூன்று நாள் அதே அளவு தண்ணீர். இரண்டிலும் உடம்பின் நீர் அளவு கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது.

அதனால் டீயை விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. என் கவலை வேறு. வெயிலில் பாரம் தூக்கினால் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வேர்வைகூடப் போகலாம். பதினோரு மணிக்கு வருகிற டீ நூறு மில்லிதான். அதைக் குடித்ததும் களைப்பு தெரியாது, தெம்பு வந்த மாதிரி இருக்கும். உடம்பில் குறைந்த தண்ணீர் குறைந்தபடியே இருக்கும். அந்தத் தெம்பை நம்பித்தான் நிறைய பேர் தண்ணீரைத் தள்ளிப்போடுகிறார்கள்.

சித்தாள் வேலை பார்க்கிற அக்கா, தங்கச்சிகளைப் பாருங்கள். ஒதுங்க இடம் இல்லை, அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் ரெண்டு டீயோடு பொழுதை ஓட்டுகிறார்கள். சிறுநீர் மஞ்சளாகி, எரிச்சல் வந்து, நோய்த்தொற்று வரை போகிறது. இதற்கு டீயைக் குற்றம் சொல்லி என்ன பயன்? பணியிடத்தில் குடிநீரும் கழிப்பறையும் தரவேண்டும் என்று 1996ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள்.

அப்புறம், தம்பிகள் குடிக்கிற எனர்ஜி டிரிங்க். கால் லிட்டரில் 75 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கலாம், சர்க்கரையும் உண்டு. அதை ஒன்றன்பின் ஒன்றாகக் குடித்துவிட்டு வெயிலில் ஏறாதீர்கள்.

வெயிலில் இருக்கும்போது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கால் லிட்டர் தண்ணீர் குடியுங்கள். டீ வந்தால் அதையும் குடியுங்கள். ஒவ்வொரு சைட்டிலும் தண்ணீர் கேனும், பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறையும் வேண்டும் என்று மனு எழுதி முன்மேசையில் வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.