ஆயாவின் பெருவிரல்

நடுவர் அவர்களே, வேலை முடிந்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் தருமபுரி மக்களே, வணக்கம்.

இருண்ட எதிர்காலத்தைச் சொல்லும் நாவல்களில் மனிதனை அதிகம் வதைப்பது அரசின் கட்டுப்பாடா, சமூக ஏற்றத்தாழ்வா? கட்டுப்பாடுதான் என்று எதிரணித் தோழர் அடித்துப் பேசினார். 1949-இல் வெளிவந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலைக் காட்டி, சுவரில் டெலிஸ்கிரீன் இருக்கும், அது பார்க்கும், கேட்கும், வீட்டில் நிம்மதியாக மூச்சுகூட விட முடியாது என்றார். சரி, யார் வீட்டுச் சுவரில் ஐயா? அந்த நாட்டு ஜனத்தில் 85 சதவீதம் பேர் 'ப்ரோல்கள்' என்கிற கூலி ஜனங்கள், அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் டெலிஸ்கிரீனே கிடையாது என்பதும் அதே நாவலில்தான் இருக்கிறது. ஒற்றர்கள் சிலர் அவர்களுக்குள் உலவினார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பன்னிரண்டு வயதில் வேலைக்குப் போய், உடம்பு ஓய்ந்து, பீரும் லாட்டரியுமாகக் காலம் தள்ளுகிறவனுக்கு எதற்கு டெலிஸ்கிரீன்? அவனை அடக்கி வைக்க அவன் வறுமையே போதும் என்று அந்த நாட்டை ஆளும் கட்சிக்குத் தெரிந்திருந்தது.

அடுத்து, சுசான் காலின்ஸ் 2008-இல் எழுதிய 'தி ஹங்கர் கேம்ஸ்'. வருஷா வருஷம் 12 முதல் 18 வயதுப் பிள்ளைகளின் பெயரைச் சீட்டுப் போட்டு எடுத்து, ஒருவரை ஒருவர் கொல்லும் ஆட்டத்துக்கு அனுப்புகிறார்கள். தலைநகருக்கு வெளியே இருக்கிற மாவட்டங்களில் சட்டம் எல்லார் வீட்டுக்கும் ஒன்றுதான். ஆனால் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால், பிள்ளை தன் பெயரில் இன்னொரு சீட்டைக் கூடுதலாகப் போட்டுவிட்டு ஓர் ஆளுக்கு ஒரு வருஷத்துக்கான தானியமும் எண்ணெயும் வாங்கிக்கொள்ளலாம், அந்தச் சீட்டுகள் வருஷத்துக்கு வருஷம் சேர்ந்துகொண்டே போகும். அப்படித்தான் 16 வயதுக் கதாநாயகி காட்னிஸ் பெயரில் 20 சீட்டு விழுந்து கிடக்கிறது. மேயர் மகளுக்கு அந்தத் தானியமே தேவைப்படவில்லை. அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர் ரேஷன் கடை வரிசைதான் கண்ணில் வந்து நின்றது.

எங்க ஆயா நாற்பது வருஷமாகப் புளி தட்டுகிறவர். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்து, பெருவிரலில் ரேகை என்று ஒன்றும் மிச்சமில்லை, தேய்ந்த படிக்கல் மாதிரி வழவழப்பு. ரேஷன் கடையில் ரேகை பார்க்கிற மிஷினில் வைத்தால் எடுக்காது. முந்தானையில் துடைத்து வைப்பார், தலையில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றி வைப்பார், அப்போதும் எடுக்காது. ஓடிபி போகிற போன் மாமாவிடம், மாமா பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில். அன்றைய கூலியும் போய், வெறும் பையைச் சுருட்டிக்கொண்டு திரும்புவார். நாற்காலி வேலை பார்ப்பவர் ஒருவர் வந்து அதே மிஷினில் விரல் வைத்தால் ஒரே தொடுதலில் பில் வந்துவிடுகிறது.

பார்த்தீர்களா, இதுவும் கட்டுப்பாடுதானே என்று தோழர் எழுந்து கேட்பார். கட்டுப்பாடுதான், மறுக்கவில்லை. அது எல்லார் கையிலும் ஒரே மாதிரி விழுகிறதா என்பதுதான் என் கேள்வி. மிஷினைத் தூக்கி எறியலாம், எனக்கும் சம்மதம். எறிந்த மறுநாள் காலையிலும் ஆயா அதே கூலிக்குப் புளி தட்டத்தான் உட்கார வேண்டும். நடுவர் அவர்கள் அந்த விரலை மனதில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.