ஏழு பாட்டில், 25 சென்ட்: ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து கேலுக்கு ஒரு டிராம் பயணம்

வணக்கம் மக்களே. முதலில் இந்தத் தண்ணீர் பாட்டிலைப் பாருங்கள். மூடியைத் திறந்தால் கையோடு வராது, கழுத்திலேயே ஒட்டித் தொங்கும். குடிக்கும்போதெல்லாம் என் மூக்கில் இடிக்கும். இதைத் திட்டி ஏற்கெனவே ஒரு வீடியோ போட்டிருக்கிறேன். இன்றைக்குத் திட்டு மூடிக்கு இல்லை, பாட்டிலுக்கு.

சனிக்கிழமை வழக்கம்போல மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு டி லைன் டிராமில் ஏறி கேல் போனேன். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு: நான் இருக்கும் ஸ்ட்ராஸ்பர்க் பிரான்ஸ், ரைன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கேல் ஜெர்மனி. 2017லிருந்து டிராமே பாலம் ஏறிப் போகிறது. ஷாம்பு, பாத்திரம் கழுவும் சோப்பு எல்லாம் அங்கே மலிவு. ஸ்ட்ராஸ்பர்க்கில் பாதிப் பேர் அங்கேதான் வாங்குவார்கள் போல, கூட்டம் அப்படி.

இந்தத் தடவை பையில் ஏழு காலி பாட்டில்கள். ஜெர்மனியில் பாட்டில் வாங்கும்போதே 25 சென்ட் கூடுதலாகக் கட்ட வேண்டும். காலி பாட்டிலைக் கடையில் இருக்கும் மெஷினுக்குள் விட்டால் அந்தக் காசுக்குச் சீட்டு வரும். ப்ஃபான்ட் என்பார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த மெஷின் அது. முதல் பாட்டிலை விட்டேன், உள்ளே சுற்றிப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பித் தள்ளியது. இரண்டாவது, அதுவும் அப்படியே. திருப்பி வைத்தேன், தலைகீழாக வைத்தேன், கசங்கிய லேபிளை நீவிவிட்டு வைத்தேன். பின்னால் ஒரு பாட்டி பெருமூச்சு விட ஆரம்பித்துவிட்டார். ஏழில் ஒன்றே ஒன்றைத்தான் மெஷின் வாங்கிக்கொண்டது. அது போன மாதம் கேலிலேயே வாங்கியது! மற்ற ஆறும் பிரான்ஸில் வாங்கியவை. ஆறு கால் ஒன்றரை. ஒன்றரை யூரோ போச்சு.

கமென்டில் வரிசையாக வருவீர்கள் என்று தெரியும்: “பிரான்ஸில் நீ அந்தக் காசைக் கட்டவே இல்லையே, எப்படித் திருப்பிக் கொடுப்பார்கள்?” சரி, நியாயம்தான். ஆனால் பாருங்கள், அதே கம்பெனி, அதே பாட்டில், மூக்கில் இடிக்கும் அதே மூடி. மூடி மட்டும் ஏன் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி?

மூடிக்குச் சட்டம் உண்டு. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பற்றி 2019ல் ஐரோப்பிய ஒன்றியம் போட்டது. ஒன்றியத்தில் சட்டத்தை முன்வைப்பது ஆணையம். அதை ஏற்க இரண்டு இடத்தில் ஒப்புதல் வேண்டும். ஒன்று மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பும் நாடாளுமன்றம், இன்னொன்று நாடுகளின் அமைச்சர்கள் உட்காரும் கவுன்சில். கவுன்சிலில் பெரும்பாலான விஷயங்களுக்கு 27ல் 15 நாடுகள் சரி என்று சொன்னால் போதும், ஆனால் அந்த 15லும் ஒன்றியத்தின் மக்கள்தொகையில் 65 சதவீதம் இருக்க வேண்டும். மூடிச் சட்டத்துக்கு நாடாளுமன்றத்தில் 560 பேர் ஆதரவு, 35 பேர் எதிர்ப்பு. எங்கே நடந்தது தெரியுமா? இதே ஸ்ட்ராஸ்பர்க்கில்! என் மூக்குக்கு எதிராக என் ஊரிலேயே ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். 2024 ஜூலை 3லிருந்து மூடி தொங்குகிறது.

பாட்டில் காசு அப்படியில்லை. 2029க்குள் பிளாஸ்டிக் பாட்டிலில் 90 சதவீதத்தைத் தனியாகச் சேகரிக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அதற்கு எந்த வழியில் போவது என்பதில் நாடுகளுக்கு இடம் விட்டுவிட்டது. இந்த வகைச் சட்டத்துக்கு டைரக்டிவ் என்று பெயர். இலக்கை ஒன்றியம் வைக்கும், அதற்கேற்ற சட்டத்தை ஒவ்வொரு நாடும் தானே எழுதிக்கொள்ளும். ரெகுலேஷன் என்று இன்னொரு வகை இருக்கிறது. அது அமலுக்கு வந்ததும் எல்லா நாட்டிலும் அப்படியே செல்லும்.

அட, பாலத்தில் நடந்ததைச் சொல்ல மறந்துவிட்டேன். பாதி ஆறு தாண்டும்போதே போனில் “ஜெர்மனிக்கு வரவேற்கிறோம்” மெசேஜ் வந்துவிட்டது. ஆனால் நெட்டுக்குத் தனிக் காசு கிடையாது, 2017 ஜூன் 15லிருந்து. அது ரெகுலேஷன்தான். இந்த ஒன்றுக்காகவே அவர்களுக்கு மூடியை மன்னிக்கலாம்.

வரி என்று வந்தால் கதையே வேறு. அதில் 27 நாடும் சம்மதிக்க வேண்டும், ஒரு நாடு தலையாட்டாவிட்டால் நின்றுபோகும். விற்பனை வரி பொதுவாக 15 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது மட்டும்தான் பொது விதி. பிரான்ஸில் 20, ஜெர்மனியில் 19. சிகரெட்டில் வித்தியாசம் இன்னும் பெரிது, அதனால்தான் கேலில் தெருவுக்குத் தெரு புகையிலைக் கடை.

என் பக்கத்து வீட்டு அக்கா பிரெஞ்சுக்காரர், கேலில் வேலை பார்க்கிறார். எந்தப் பர்மிட்டும் தேவையில்லை. என்னிடம் இருப்பது பிரான்ஸ் குடியிருப்பு அட்டை. அதை வைத்து ஷாம்பு வாங்கலாம், 180 நாளில் 90 நாள் சுற்றலாம், வேலை மட்டும் பார்க்க முடியாது. இதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை, மறைக்கவில்லை.

அதே அக்காதான் சொன்னார்: 1871க்கும் 1944க்கும் நடுவில் ஸ்ட்ராஸ்பர்க் நான்கு முறை நாடு மாறியதாம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கேல் பிரான்ஸ் கையில் இருந்து, 1953ல்தான் முழுதாக ஜெர்மனிக்குத் திரும்பியதாம். ஒன்றியத்துக்கு விதை போட்ட நிலக்கரி, எஃகு ஒப்பந்தத்தில் இரு நாடும் இன்னும் நான்கு நாடுகளோடு கையெழுத்துப் போட்டது 1951. அதாவது கேல் முழுதாகத் திரும்பும் முன்பே! இதை அவர் சொன்னபோது நான் பாட்டில் புலம்பலை நிறுத்திவிட்டேன். ஒரு ஐந்து நிமிடம்.

அந்த ஒரு பாட்டிலுக்கு வந்த 25 சென்ட் சீட்டை ஷாம்பு பில்லில் கழித்துவிட்டேன், விட மாட்டேன். மற்ற ஆறும் என்னோடு டிராம் ஏறித் திரும்பி வந்து வீட்டு மஞ்சள் தொட்டிக்குள் போயின. மூடியோடுதான். பிய்க்க முயன்றேன், வரவில்லை.