முற்றின காயைத்தான் பறிக்க வேண்டும்

நடுவர் ஐயா அவர்களுக்கும், என் அணித் தோழர்களுக்கும், எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன், அக்காமார்களுக்கும், இந்த வெயிலில் கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பஸ் ஏறி வந்து அரங்கத்தை நிறைத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பின்னால் வந்து உட்கார்ந்தவர்களுக்காகத் தலைப்பை இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன். வீடியோ கேம் விற்பனைக்குக் கைகொடுப்பது பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் என்ற கன்சோல் மிஷின்கள், கம்ப்யூட்டர் என எல்லாவற்றிலும் ஒரே நாளில் வெளியிடுவதா, ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளி விட்டு வெளியிடுவதா? நான் இடைவெளியின் பக்கம் நிற்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அக்கா ஒரு நல்ல வாதம் வைத்தார். சட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு விற்றால்தான் பஜ்ஜி விற்கும் என்றார். விளம்பரத்துக்குக் காசைக் கொட்டி ஊரெல்லாம் பேச வைத்துவிட்டு, 'உன்னிடம் இருக்கும் மிஷினுக்கு அடுத்த வருஷம்தான்' என்றால் எவன் காத்திருப்பான், யூடியூபில் முழுக் கதையையும் பார்த்துவிட்டுப் போய்விடுவான், மறுபடி அவனைக் கூப்பிட மறுபடி விளம்பரம், மறுபடி செலவு என்றார். நானும் கை தட்டினேன். ஆனால் ஐயா, பஜ்ஜிக்கு ஒரே சட்டி, ஒரே எண்ணெய். எல்லாம் ஒரே நேரத்தில் வெந்துவிடும். கேம் அப்படி வேகாது.

எங்கள் வீடு போச்சம்பள்ளிப் பக்கம். மாந்தோப்புதான் பிழைப்பு. நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதலில் செந்தூரா வரும், அப்புறம் பீத்தர், அல்போன்சா, மல்கோவா, பெங்களூரா என்று போய், எல்லாம் ஓயும்போது நீலம் வரும். ஒரே தோப்பு, ஒரே கிணற்றுத் தண்ணீர், ஆனாலும் மரத்துக்கு மரம் நாள் வேறு. பறிப்புக்கு முன்னால் அப்பா ஒரே ஒரு காயை இறக்கிக் குறுக்கே அறுப்பார். கத்தி கொட்டையில் சுலபமாக இறங்கினால் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிடுவார். சதை வெள்ளையாக இருக்கிறதா, மஞ்சள் தட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். வெள்ளையாக இருந்தால், வியாபாரி லாரியோடு வந்து நின்றாலும் அந்த மரத்தில் கை வைக்க விடமாட்டார்.

பக்கத்துத் தோப்புக்காரர் ஒரு வருஷம் மொத்தத்தையும் ஒரே நாளில் இறக்கினார். ஒரு லாரி வாடகை, ஒரு நாள் கூலி, வேலை முடிந்தது என்பது அவர் கணக்கு. பிஞ்சும் முற்றலும் கலந்து மண்டிக்குப் போனது. மண்டிக்காரர் கூடையில் கை விட்டார், கைக்கு வந்தது பிஞ்சு. அந்தப் பிஞ்சுக்குப் போட்ட விலையைத்தான் அடியில் கிடந்த நல்ல காய்க்கும் போட்டார். அவர் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இதே கதை 2020 டிசம்பர் 10 அன்று நடந்தது. போலந்து நாட்டு சிடி புராஜெக்ட் நிறுவனம் 'சைபர்பங்க் 2077' ஆட்டத்தைக் கம்ப்யூட்டர், பிஎஸ்4 எனும் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் என்று எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் இறக்கியது. வலுவான கம்ப்யூட்டரில் பரவாயில்லாமல் ஓடியது. 2013-ல் வந்த பழைய கன்சோல்களில் திக்கித் திணறியது, பாதியில் நின்றது. ஒரு வாரத்தில், பிளேஸ்டேஷனைச் செய்யும் சோனி அதைத் தன் ஆன்லைன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது, வாங்கியவர்களில் கேட்டவர்களுக்குப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தது. மறுபடி அது அந்தக் கடைக்குள் வந்தது 2021 ஜூன் 21-ல். பழைய கன்சோலுக்கு ஆட்டத்தைக் கொண்டுவரும் வேலையைக் குறைத்து எடைபோட்டுவிட்டதாக நிறுவனத்தின் தலைமையே 2021 ஜனவரியில் மன்னிப்புக் கேட்டது.

எதிரணி அண்ணன் எழுந்து, 'முதல் பத்து நாளில் 1 கோடியே 30 லட்சம் பிரதி விற்றதே' என்று கேட்கலாம். விற்றது, உண்மை. ஆனால் ஆறு மாதம் ஒரு பெரிய கடையின் கதவு மூடியே கிடந்தது. கம்ப்யூட்டருக்கு முதலில் கொடுத்துவிட்டு, பழைய கன்சோலுக்கு 'ஆறு மாதம் பொறு' என்று சொல்லியிருந்தால், அதே ஜூனில் திருத்தின ஆட்டம் நல்ல பெயரோடு அந்தக் கடைக்குள் போயிருக்கும். காத்திருந்த காலம் இரண்டு வழியிலும் ஒன்றுதான் ஐயா. ஒன்றில் பெயர் கெட்டது, இன்னொன்றில் கெட்டிருக்காது.

ஏன் எல்லா மிஷினுக்கும் ஒரே நேரத்தில் முற்றுவதில்லை? கன்சோல் என்றால் அந்தந்த நிறுவனத்தின் சோதனையில் தேறிய பிறகுதான் கடைக்கு வரும். சோனியின் சோதனை வேறு, மைக்ரோசாஃப்டின் சோதனை வேறு, நின்டெண்டோவின் சோதனை வேறு. கம்ப்யூட்டரோ, வீட்டுக்கு வீடு வேறு. இங்கே ரவுண்டானா பக்கம் ஒரு கடையில் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரும், பெங்களூரில் வாங்கின லேப்டாப்பும் ஒரே ஆட்டத்தை ஒரே மாதிரி ஓட்டாது. கிராபிக்ஸ் கார்டு வேறு, ராம் எனும் நினைவகம் வேறு. ஒரே குடும்பத்து எக்ஸ்பாக்ஸிலேயே சீரிஸ் எக்ஸுக்கு 16 ஜிபி நினைவகம், சீரிஸ் எஸ்ஸுக்கு 10 ஜிபி.

அந்த 6 ஜிபி வித்தியாசம் என்ன செய்தது தெரியுமா? பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் 'பால்டர்ஸ் கேட் 3' ஆட்டத்தைச் செய்தபோது, ஒரே திரையை இரண்டாகப் பிரித்து இரண்டு பேர் ஆடும் வசதி சீரிஸ் எஸ்ஸில் சரியாக வரவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே நாள்தான் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் எல்லோரும் காத்திருக்க வேண்டும். அவர்கள் பிரித்தார்கள். கம்ப்யூட்டருக்கு 2023 ஆகஸ்ட் 3, பிஎஸ்5-க்கு செப்டம்பர் 6, எக்ஸ்பாக்ஸுக்கு டிசம்பர். கம்ப்யூட்டருக்கு முதலில் சொன்ன நாள் ஆகஸ்ட் 31. அதைப் பெரிய ஆட்டங்களின் நெரிசலுக்கு முன்னால் தள்ளி வந்தார்கள். தேதிகளைக் கட்டிப் போட்டிருந்தால் அந்த நகர்வே முடிந்திருக்காது. டிசம்பரில் அந்த ஆண்டின் சிறந்த ஆட்டம் என்ற விருது இவர்களுக்குக் கிடைத்தது. அதே விழாவில், அதே இரவில், எக்ஸ்பாக்ஸ் பதிப்பு கடைக்கு வந்தது. இரண்டாம் வெளியீட்டுக்கு விளம்பரச் செலவு இன்னொரு தடவை ஆகும் என்றாரே அக்கா, இங்கே அந்த விளம்பரத்தை விருது மேடையே செய்து கொடுத்தது. நான்கு மாதம் ஆடியவர்கள் வாயார புகழ்ந்து வைத்திருந்ததும் கூடவே வந்து சேர்ந்தது.

சரி, லாரியனில் நூற்றுக்கணக்கில் ஆட்கள். என் மனசுக்கு நெருக்கமானது இன்னொரு ஆட்டம். 'ஸ்டார்டியூ வேலி'. தாத்தா விட்டுப்போன பாழடைந்த பண்ணைக்கு ஒருவன் வந்து, மண்வெட்டி எடுத்து, கல் பொறுக்கி, விதை போட்டு, தண்ணீர் ஊற்றி, பருவம் பார்த்து அறுக்கிற ஆட்டம். எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் செய்தது. படம் வரைந்தது, இசை போட்டது, நிரல் எழுதியது எல்லாம் அவரே. நான்கு வருஷத்துக்கு மேல் ஆனது. அந்தக் காலத்தில் செலவுக்கு ஒரு தியேட்டரில் டிக்கெட் பார்த்து இடம் காட்டும் வேலையும் பார்த்தார்.

அந்த மனிதரிடம் போய், 'ஆறு தளத்துக்கும், அதாவது ஆறு வகை மிஷினுக்கும் ஒரே நாளில் கொடு' என்று சொல்ல நம்மில் யாருக்காவது மனசு வருமா? 2016 பிப்ரவரி 26-ல் கம்ப்யூட்டருக்கு மட்டும் விட்டார். அதில் வந்த காசும் பெயரும்தான் அடுத்த படி. அதே ஆண்டு டிசம்பரில் பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன். 2017 அக்டோபரில் ஸ்விட்ச். 2018-ல் ஐபோன், 2019-ல் ஆண்ட்ராய்டு. 2024 முடிவதற்குள் 4 கோடிப் பிரதிகளைத் தாண்டிவிட்டது. கம்ப்யூட்டர் இல்லாத எங்கள் வீட்டுக்கு அது போனில்தான் வந்தது. நான் கிணற்று மேட்டில் உட்கார்ந்து ஆடினேன். மூன்று வருஷம் தள்ளி வந்ததால் ஒன்றும் ஆறிப்போகவில்லை. எனக்கு அது புதுசு.

எதிரணி இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வெளியீட்டு நாள் என்று நாம் சொல்வது, அந்த மிஷின் வைத்திருப்பவனின் கைக்கு வரும் நாள். 'ஹாக்வார்ட்ஸ் லெகசி' 2023 பிப்ரவரி 10-ல் பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ், கம்ப்யூட்டருக்கு வந்து இரண்டு வாரத்தில் 1 கோடியே 20 லட்சம் விற்றது. பழைய கன்சோல்களுக்கு மே 5, ஸ்விட்ச்சுக்கு நவம்பர் 14. ஆண்டு முடிவில் 2 கோடியே 20 லட்சத்தைத் தாண்டியது. மூன்று தேதியிலும் கடையில் அந்தப் பெயர் முன்வரிசைக்கு வந்தது.

'ஜி.டி.ஏ. 5' பற்றி இந்த அரங்கத்தில் பசங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 2013 செப்டம்பர் 17-ல் அதற்கும் முந்தைய பிஎஸ்3, எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோல்களுக்கு வந்து மூன்றே நாளில் 100 கோடி டாலர் ஈட்டியது. 2014 நவம்பரில் பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன்; 2015 ஏப்ரலில் கம்ப்யூட்டர்; 2022-ல் பிஎஸ்5. இன்று 20 கோடிப் பிரதிகளுக்கு மேல். வாங்கினவனே திரும்ப வாங்கினான். ஏமாந்து வாங்கவில்லை. 2014 பதிப்பில் கதாபாத்திரத்தின் கண் வழியாகவே ஊரைப் பார்த்து ஆடும் வசதியைச் சேர்த்திருந்தார்கள். இடைவெளியில் வேலை நடந்திருந்தது.

இப்போது எதிரணிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். அண்ணன் 'ஹெல்டைவர்ஸ் 2' என்றார். 2024 பிப்ரவரி 8-ல் பிஎஸ்5-க்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரே நாளில் வந்து, 12 வாரத்தில் 1 கோடியே 20 லட்சம். சோனி வெளியிட்டதிலேயே வேகமாக விற்ற ஆட்டம். ஒத்துக்கொள்கிறேன். நான்கு பேர் சேர்ந்து ஆடும் ஆட்டம் அது, தேர் மாதிரி. தேருக்கு வடம் பிடிக்க ஒரே நாளில் ஊர் கூட வேண்டும். ஆனால் தனியாக உட்கார்ந்து ஆடும் கதை ஆட்டத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இன்னொன்றையும் பாருங்கள், அந்த ஹெல்டைவர்ஸே 2025 ஆகஸ்ட் 26-ல் எக்ஸ்பாக்ஸுக்கு வந்தது. ஒன்றரை வருஷம் கழித்து.

இடைவெளி விட்டுக் கெட்டதற்கு உதாரணமாக அக்கா 'ரைஸ் ஆஃப் த டூம் ரைடர்' என்றார். அதிலும் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. 2015 நவம்பர் 10-ல் எக்ஸ்பாக்ஸுக்கு மட்டும் என்று ஒப்பந்தம் போட்டு, 'ஃபால்அவுட் 4' வந்த அதே நாளில் இறங்கினார்கள். பிஎஸ்4 வைத்திருந்தவனுக்குக் கிடைத்தது அடுத்த அக்டோபரில். 'ஃபைனல் ஃபேண்டசி 16' பிஎஸ்5-க்கு வந்து 15 மாதம் கழித்துத்தான் கம்ப்யூட்டருக்கு வந்தது; எதிர்பார்த்த லாபம் இல்லை என்று அதைச் செய்த ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் 2024-ல் பல தளங்களுக்குக் கொடுக்கும் வழிக்கு மாறியது. நடுவர் ஐயா, முற்றுவதற்காகக் காத்திருப்பது வேறு. முற்றின காயை எதிர்த் தோப்புக்காரனுக்காகக் கொட்டகையில் வைத்துப் பூட்டுவது வேறு. நான் பேசுவது முதலாவதற்கு. பூட்டி வைத்த காய் அழுகும், அதில் எனக்கும் எதிரணிக்கும் சண்டையே இல்லை. நாலைந்து மாதத்தில் முடிய வேண்டிய வேலையை ஒன்றரை வருஷம் இழுத்தாலும் சூடு ஆறும். அதையும் மறுக்கவில்லை.

கடைசியாக ஒன்று. என் மாமா பையன் கம்ப்யூட்டரில் ஆடுகிறவன். போன சீசனில் இரண்டு வாரம் மண்டியில் காய் தரம் பிரித்து, அந்தக் கூலியில் ஓர் ஆட்டத்தை வெளிவந்த அன்றைக்கே வாங்கினான். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். எல்லாத் தளத்துக்கும் ஒரே நாளில் வந்த ஆட்டம். முதல் ஊரைத் தாண்ட ஒரு கதவைத் திறக்க வேண்டும். கதவில் கை வைத்தால் திரை அப்படியே உறைந்துவிடும். மறுபடி போடுவான், மறுபடி அதே கதவு, மறுபடி உறையும். கையில் இன்னும் மாம்பால் பட்ட கறை போகவில்லை, அந்தக் கையோடு இரவு இரண்டு மணி வரை அந்தக் கதவு முன்னால் உட்கார்ந்திருந்தான். மறுநாள் வகுப்பில் எல்லோரிடமும் வாங்காதே என்றான். ஒருத்தனும் வாங்கவில்லை. ஒன்றரை மாதத்தில் அப்டேட் வந்து கதவு திறந்தது. அதற்குள் எங்கள் பக்கத்தில் அந்த ஆட்டத்தின் பேச்சே அடங்கிவிட்டது.

அவனிடம் கேட்டேன், 'உன் மிஷினுக்கு மட்டும் ரெண்டு மாசம் கழிச்சுத் தர்றோம்னு முதல்லயே சொல்லியிருந்தா என்னடா செய்திருப்பே?' என்று. கொஞ்சம் யோசித்துவிட்டு, 'இன்னும் ரெண்டு வாரம் சேர்த்து மண்டிக்குப் போயிருப்பேன், ராம் ஒன்று வாங்கிப் போட்டிருப்பேன்' என்றான்.

மணி அடித்துவிட்டார்கள் ஐயா. நன்றி, வணக்கம்.